நடந்த நாளில் என்ன பெயரோ, அதை அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வெளிநாட்டுச் செய்திப் பக்கத்தில் முன்னாள் சோவியத் ஊர்களின் பெயர்கள் ஆளுக்கொரு விதமாக வருகின்றன. உக்ரைன் போர்ச் செய்தி ஒன்றில் பாக்முத் ஒரு பத்தியிலும் அர்த்தியோமவ்ஸ்க் அடுத்த பத்தியிலும் இரண்டு தனி ஊர்கள் போல வந்திருந்தன. இரண்டும் ஒரே ஊர். இரண்டாம் உலகப் போர் பற்றிய கட்டுரைக்கு 'செயின்ட் பீட்டர்ஸ்பர்க் முற்றுகை' என்று தலைப்பு. ஜெர்மானியப் படை வளைத்திருந்த 872 நாள்களிலும் அந்த நகரத்தின் பெயர் லெனின்கிராட். எழுத்துப் பிழை என்றால் விட்டுவிடலாம். அந்த நாடுகளில் ஊர்ப்பெயரை முன்வைத்தே அரசியல் நடக்கிறது. எந்தப் பெயரை எடுக்கிறோமோ, அந்தத் தரப்பின் பேச்சும் கூடவே நம் பக்கத்துக்குள் வந்துவிடுகிறது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

கேட்பது இதுதான். நிகழ்ச்சி நடந்த நாளில் ஊருக்கு என்ன பெயரோ அதை எழுதுங்கள். முதல் முறை வரும் இடத்தில் மட்டும் அடைப்புக்குறிக்குள் இன்றைய பெயரைக் கொடுங்கள்: லெனின்கிராட் (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்). அதன் பிறகு கட்டுரை முழுக்க அன்றைய பெயரே போகட்டும்.

லெனின்கிராடையே எடுத்துக்கொள்வோம். 1703-ல் முதலாம் பீட்டர் கட்டத் தொடங்கிய நகரம் செயின்ட் பீட்டர்ஸ்பர்க். 1914-ல் ஜெர்மனியுடன் போர் மூண்டதும் 'பர்க்' என்ற ஜெர்மன் ஒலி உறுத்தியது. பெயர் பெத்ரோகிராட் ஆனது. லெனின் இறந்து ஐந்தாம் நாள், 1924 ஜனவரி 26 அன்று லெனின்கிராட் ஆனது. 1991 ஜூன் 12-ல், ரஷ்ய அதிபர் தேர்தலோடு சேர்த்து, நகர மக்களிடம் வாக்கெடுப்பு நடந்தது. பாதிக்குச் சற்று அதிகமானோர் பழைய பெயரைக் கேட்டார்கள். செப்டம்பர் 6 அன்று அது சட்டப்படி திரும்பியது. ஆகவே 1905 துப்பாக்கிச் சூடு நடந்தது செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில். 1917 புரட்சி பெத்ரோகிராடில். 1941 முற்றுகை லெனின்கிராடில். வீடு மாறாமல் ஒரே தெருவில் வாழ்ந்த ஒருவருக்கே இத்தனை ஊர்ப்பெயர்கள். 1952-ல் பிறந்த விளாதிமிர் புதினின் பிறந்த ஊர் என்று எழுத வேண்டியதும் லெனின்கிராட்தான்.

இந்த விதி தெரிந்தவர்களும் இடறி விழும் இடம் ஒன்று உண்டு. ஊர்ப்பெயர் மாறினால் அந்த ஊரின் பெயரைத் தாங்கிய மற்றவையும் மாறிவிட்டன என்று நினைத்துவிடுகிறோம். நகரம் செயின்ட் பீட்டர்ஸ்பர்க். அதைச் சுற்றியுள்ள மாகாணம் இன்றும் லெனின்கிராட் மாகாணம். நிர்வாகத்தில் இரண்டும் தனித்தனி, நகரம் அந்த மாகாணத்துக்குள் அடங்காது. 'செயின்ட் பீட்டர்ஸ்பர்க் மாகாண ஆளுநர்' என்று எழுதினால் அப்படி ஒருவர் இல்லவே இல்லை. யெகாதெரின்பர்க் 1924 முதல் 1991 வரை ஸ்வெர்ட்லவ்ஸ்க் என்று இருந்தது. நகரம் பழைய பெயருக்குத் திரும்பிவிட்டது, மாகாணம் ஸ்வெர்ட்லவ்ஸ்க் மாகாணமாகவே நிற்கிறது. அந்நகரத்தின் பெரிய ரயில் நிலையத்தின் பெயர்கூட 2010-ல்தான் மாறியது. நிஸ்னி நோவ்கொரோத் 1932 முதல் 1990 வரை கார்க்கி. அறிவியலாளர் சகாரவ் 1980 முதல் 1986 வரை நாடுகடத்தப்பட்டதுபோல் அடைத்து வைக்கப்பட்டிருந்தது அந்தக் கார்க்கி நகரில்தான். அங்குள்ள மோட்டார் தொழிற்சாலைக்கு இன்றும் கார்க்கி மோட்டார் தொழிற்சாலை என்றே பெயர்.

உக்ரைனில் இதே நிலைக்குக் காரணம் வேறு. 2015-ல் இயற்றப்பட்ட கம்யூனிச நீக்கச் சட்டம் உள்ளூர் மன்றங்களுக்கு ஆறு மாதத் தவணை கொடுத்தது. அதற்குள் புதுப் பெயரை முன்மொழியாவிட்டால் நாடாளுமன்றமே முடிவு செய்யும். 2016-ல் த்னிப்ரோபெத்ரோவ்ஸ்க் நகரம் த்னிப்ரோ ஆனது. பெயரில் இருந்த பெத்ரோவ்ஸ்கி ஒரு போல்ஷெவிக் தலைவர். பெயரை அப்படியே வைத்துக்கொண்டு, அது புனித பேதுருவைக் குறிப்பதாகப் பொருளை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்ற யோசனையும் அங்கே எழுந்தது. அது எடுபடவில்லை. ஆனால் மாகாணத்தின் பெயர் த்னிப்ரோபெத்ரோவ்ஸ்க் என்றே தொடர்கிறது. மாகாணங்களின் பெயர்கள் உக்ரைன் அரசியல் சாசனத்தின் 133-வது பிரிவில் ஒவ்வொன்றாக எழுதப்பட்டிருக்கின்றன. நகரத்தின் பெயரை நாடாளுமன்றத் தீர்மானத்தால் மாற்றலாம். மாகாணத்துக்குச் சாசனத்தையே திருத்த வேண்டும். எனவே 'த்னிப்ரோபெத்ரோவ்ஸ்க் மாகாணத்தின் தலைநகர் த்னிப்ரோ' என்பது சரியான வாக்கியம். துணையாசிரியர் அதில் கை வைக்கக் கூடாது. மெட்ராஸ் சென்னையான பிறகும் மெட்ராஸ் உயர் நீதிமன்றம் இருப்பதை அறிந்த நமக்கு இது புதிதும் அல்ல.

இதே விதியின் கீழ் வரும் இன்னொரு மாகாணம் கிரோவோராத். அதன் நகரத்தின் கதையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். சோவியத் பெயர் மாற்றங்கள் எப்படி நடந்தன என்பது மொத்தமும் அந்த ஒரே ஊரில் தெரிகிறது. பேரரசி எலிசபெத் காலத்துக் கோட்டையிலிருந்து வளர்ந்த ஊர், பெயர் யெலிசவெத்கிராத். போல்ஷெவிக் தலைவர் ஸினோவியெவ் அங்கே பிறந்தவர். அவர் செல்வாக்கோடு இருந்த 1924-ல் ஊர் ஸினோவியெவ்ஸ்க் ஆனது. 1934 டிசம்பர் 1 அன்று லெனின்கிராடில் அந்நகரக் கட்சித் தலைவர் கிரோவ் சுட்டுக் கொல்லப்பட்டார். பழி விழுந்தவர்களில் ஸினோவியெவும் ஒருவர். அதே மாதம் கைதானார். அந்த மாதம் முடிவதற்குள் ஊரின் பெயர் கிரோவோ. குற்றம் சாட்டப்பட்டவரின் பெயரைப் பறித்து, கொல்லப்பட்டவரின் பெயரை ஒட்டிவிட்டார்கள். ஊரில் யாரையும் கேட்கவில்லை. 1939-ல் அது கிரோவோராத் என்று நீண்டது. 2015-ல் உள்ளூர் மக்களிடம் கருத்துக் கேட்டபோது பெரும்பாலோர் யெலிசவெத்கிராத் என்ற பெயரையே திரும்பக் கேட்டார்கள். ரஷ்யப் பேரரசியின் நினைவு வேண்டாம் என்று நாடாளுமன்றம் மறுத்தது. 2016 ஜூலையில் நாடகாசிரியர் மார்க்கோ க்ரொபிவ்னித்ஸ்கியின் பெயரால் நகரம் க்ரொபிவ்னித்ஸ்கி ஆனது. உக்ரைன் நாடகக் கலைக்கு அவர் செய்ததை மறுப்பவர் யாரும் இல்லை. ஆயினும் ஊராரைக் கேட்டுவிட்டு, அவர்கள் சொன்னதற்கு மாறாக மேலிருந்து பெயர் வைத்தது சரியில்லை என்பது என் கருத்து. சோவியத் காலத்து வழக்கத்தை நீக்க வந்த சட்டம், பெயர் வைக்கும் முறையில் அந்த வழக்கத்தையே பின்பற்றியது.

பெயர் எந்த ஆண்டில் மாறியது என்று பார்த்தாலே மேலிடத்தில் யார் விழுந்தார்கள் என்பது தெரிந்துவிடும். பெர்ம் நகரம் 1940 முதல் மொலத்தவ். 1957-ல் அந்தப் பெயருக்குரிய சோவியத் தலைவர் மொலத்தவ் கட்சித் தலைமையிலிருந்து தள்ளப்பட்டார். பெர்ம் திரும்பி வந்தது. அதே ஆண்டில், உயிரோடிருப்பவர்களின் பெயரை ஊர்களுக்கு வைப்பதில்லை என்று சோவியத் அரசு ஆணையிட்டது. 1935-ல் வொரோஷிலவ்கிராத் ஆன லுகான்ஸ்க் 1958-ல் மீண்டும் லுகான்ஸ்க் ஆனது அந்த ஆணையால்தான். 1969 டிசம்பரில் வொரோஷிலவ் இறந்தார். உயிரோடில்லை, எனவே தடையும் இல்லை. 1970 ஜனவரியில் ஊர் மறுபடி வொரோஷிலவ்கிராத். 1990-ல் மறுபடி லுகான்ஸ்க். லுகான்ஸ்க் பற்றிய பழைய செய்தியைப் புரட்டுபவர் ஆண்டைப் பார்க்காமல் பெயரை நம்பினால் தவறுவது உறுதி.

1961 இறுதியில் ஸ்டாலினின் உடலை லெனின் சமாதியிலிருந்து அகற்றியதை ஒட்டி ஒரு பெரிய அலை அடித்தது. ஸ்டாலின்கிராட் வோல்காகிராட் ஆனது, ஸ்டாலினோ தனேத்ஸ்க் ஆனது, தஜிகிஸ்தான் தலைநகர் ஸ்டாலினாபாத் மறுபடி துஷான்பே ஆனது. தனேத்ஸ்க் அதற்கு முன்பே ஒரு பெயரை இழந்திருந்தது. அங்கே இரும்பாலை வைத்த ஜான் ஹியூஸ் என்ற வேல்ஸ் நாட்டுக்காரரின் பெயர் ரஷ்ய நாக்கில் 'யூஸ்' ஆகி, ஊர் யூஸொவ்கா என்று இருந்தது. 1980-களில் இறந்த சோவியத் தலைவர்களின் பெயரால் இன்னொரு சிறு அலை. பிரெஷ்னெவ் இறந்ததும் நபெரெஷ்னியே செல்னி அவர் பெயரைப் பெற்றது, அந்திரோபவ் இறந்ததும் ரிபின்ஸ்க், உஸ்தினவ் இறந்ததும் இஷெவ்ஸ்க், செர்னென்கோ இறந்ததும் ஷரீபவா. 1987-க்கும் 1989-க்கும் இடையில் நான்கும் பழைய பெயருக்கு வந்துவிட்டன. 1985-ஆம் ஆண்டுத் தபால் முத்திரையிலோ லாரி உதிரிபாகத் தாளிலோ 'பிரெஷ்னெவ்' என்று ஊர் இருந்தால் அச்சுப் பிழை என்று எண்ண வேண்டாம். காமாஸ் லாரிகள் தயாராகும் நபெரெஷ்னியே செல்னிதான் அது.

மத்திய ஆசியப் பெயர்களில் நம் வாசகர்களுக்கு நேரடித் தொடர்பு உண்டு. கிர்கிஸ்தான் தலைநகர் பிஷ்கேக்கில் மருத்துவம் படிக்க இங்கிருந்து ஏராளமான மாணவர்கள் போகிறார்கள். விமானச் சீட்டிலும் பெட்டியில் கட்டும் துண்டுச் சீட்டிலும் அவ்வூரின் குறி நெடுங்காலம் எஃப்.ஆர்.யு. என்றிருந்தது. பிஷ்கேக்கில் எஃப் எங்கே வந்தது, தவறான ஊருக்குச் சீட்டுப் போட்டுவிட்டார்களோ என்று பெற்றோர் பதற வேண்டியிருக்கவில்லை. 1926 முதல் 1991 வரை ஊரின் பெயர் ஃப்ரூன்ஸே. அங்கே பிறந்த செம்படைத் தளபதியின் பெயர். விமான நிலையக் குறி பயணச்சீட்டு, சரக்கு, கட்டணம் என்று எல்லாக் கணினி அமைப்புகளிலும் ஊறிப்போன ஒன்று. ஊர்ப்பெயர் மாறினாலும் அதை எளிதில் மாற்ற மாட்டார்கள். செயின்ட் பீட்டர்ஸ்பர்க்குக்கு இன்றும் எல்.இ.டி., யெகாதெரின்பர்க்குக்கு எஸ்.வி.எக்ஸ்., கார்க்கியாக இருந்த நிஸ்னி நோவ்கொரோதுக்கு ஜி.ஓ.ஜே., குய்பிஷெவ் என்றிருந்த சமாராவுக்கு கே.யு.எஃப்., லெனினகான் என்றிருந்த ஆர்மீனியாவின் கியூம்ரிக்கு எல்.டபிள்யூ.என்.

'ஃப்ரூன்ஸே' என்ற பெயரில் இன்னொரு கொடுமையும் இருந்தது. கிர்கிஸ் மொழியின் சொந்தச் சொற்களில் ஃப் ஒலி கிடையாது. தமிழைப் போலவே சொல்லின் தொடக்கத்தில் இரண்டு மெய்கள் சேர்ந்து நிற்பதும் கிடையாது. தங்கள் தலைநகரின் பெயரையே மக்கள் தங்கள் நாக்குக்கு வளைத்துச் சொல்ல வேண்டியிருந்தது. பிஷ்கேக் என்பதற்கோ, குதிரைப்பாலைப் புளிக்கவைத்துக் கடையும் மத்து என்று அந்நாட்டார் பொருள் சொல்கிறார்கள். ஸ்டாலினின் பெயரைச் சுமந்த துஷான்பேயின் சொந்தப் பெயருக்குத் திங்கட்கிழமை என்று பொருள். திங்கள்தோறும் சந்தை கூடிய ஊர். குமரி மாவட்டத்தின் திங்கள்சந்தையை அறிந்த நமக்கு அந்தப் பெயரை விளக்கவே வேண்டாம். இப்படி மண்ணில் முளைத்த பெயரை எடுத்துவிட்டுத் தலைவர் பெயரை வைப்பதால் ஊருக்கு என்ன நட்டம் என்று கேட்பவர்களுக்கு இவ்விரண்டைத்தான் காட்ட வேண்டும்.

கஜகஸ்தான் தலைநகரில் தேதியை இன்னும் நுட்பமாகப் பார்க்க வேண்டும். அக்மோலின்ஸ்க், 1961-ல் த்ஸெலினோகிராத், 1992-ல் அக்மோலா, 1998-ல் அஸ்தானா, 2019 மார்ச்சில் நூர்-சுல்தான், 2022 செப்டம்பரில் மறுபடி அஸ்தானா. நூர்-சுல்தான் என்பது பதவி விலகிய அதிபர் நசர்பாயேவின் முதற்பெயர்; மூன்றரை ஆண்டு மட்டுமே நின்றது. அங்கே விமான நிலையக் குறியையும் அரிதாக மாற்றினார்கள். த்ஸெலினோகிராதை நினைவூட்டிய டி.எஸ்.ஈ. 2020-ல் என்.க்யூ.ஸெட். ஆனது. நகரத்தின் பெயர் திரும்பிவிட்டது, குறி திரும்பவில்லை. முன்னாள் தலைநகர் அல்மாத்தி 1993 வரை அல்மா-ஆட்டா. எனவே ஆரம்ப சுகாதாரம் பற்றிய 1978 பிரகடனம் அல்மா-ஆட்டா பிரகடனம்தான். சோவியத் ஒன்றியம் கலைந்தபோது 1991 டிசம்பர் 21 அன்று கையெழுத்தானதும் அல்மா-ஆட்டா பிரகடனமே. ஆவணத்தின் பெயரை ஊரோடு சேர்த்து மாற்றக் கூடாது.

இனி பாக்முத். 1924-ல் அர்த்தியோம் என்ற போல்ஷெவிக்கின் பெயரால் மாற்றப்பட்ட ஊர், 2016-ல் பழைய பெயருக்குத் திரும்பியது. ரஷ்ய அரசு அந்த மாற்றத்தை ஏற்காமல், 2023-ல் ஊரைக் கைப்பற்றியதாக அறிவித்தபோதும் அர்த்தியோமவ்ஸ்க் என்றே சொன்னது. மாஸ்கோவிலிருந்து வரும் செய்தியில் ஒரு பெயர், கீவிலிருந்து வரும் செய்தியில் இன்னொரு பெயர். இரண்டையும் ஒட்டித் தமிழாக்கும்போது ஒரே ஊர் இரண்டாகிவிடுகிறது. ரஷ்ய அறிக்கையை மேற்கோள் குறிக்குள் தரும்போது மட்டும் அவர்கள் சொன்ன பெயரை விட்டு, பக்கத்தில் (பாக்முத்) என்று சேர்த்தால் போதும். நம் வாக்கியத்தில் பாக்முத்தான் வர வேண்டும். பெயர் மாற்றச் சட்டம் கீவில் நிறைவேறியபோதே அதன் கட்டுப்பாட்டில் இல்லாத பகுதிகளில் புதுப்பெயர் பலகையில் ஏறவே இல்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். பிரெஞ்சுக் கம்யூனிஸ்ட் தலைவர் தொரேஸின் பெயரைத் தாங்கிய தொரேஸ் நகரம் அப்படிப்பட்டது. 2016-ல் அதைச் சிஸ்தியாகவே என்று மாற்றினார்கள். மலேசிய விமானம் அதன் அருகே வீழ்த்தப்பட்டது 2014-ல் என்பதால் அந்தச் செய்தியில் தொரேஸ் என்பதே சரி.

கீவ், கார்கிவ், லிவிவ் ஆகியவற்றை இந்தப் பட்டியலோடு கலக்கக் கூடாது. அங்கே பெயர் மாறவில்லை. ரஷ்ய உச்சரிப்பிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன எழுத்துக்கூட்டை உக்ரைனிய உச்சரிப்புக்கு மாற்றினார்கள், அவ்வளவுதான். 2020 ஜூனில் தமிழ்நாடு அரசு 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டை மாற்றி அறிவித்துச் சில நாள்களில் திரும்பப் பெற்றதே, அந்த வகை. தமிழில் எழுதும்போது ஆங்கில எழுத்தைப் பார்க்காமல் உக்ரைனிய ஒலியைப் பார்த்து எழுதினால் சண்டையே இல்லை. 1943 போரை எழுதும்போதும் கார்கோவ் என்று போக வேண்டாம், கார்கிவ் என்றே எழுதலாம். அந்த ஊரின் உக்ரைனியப் பெயர் அன்றும் அதுதான்.

மறுபக்கம், மாறாமல் நிற்பவையும் பல. சோவியத் தலைவர் கலினினின் பெயரால் அமைந்த கலினின்கிராட் 1946-ல் வைத்த பெயரோடு அப்படியே இருக்கிறது. அதே கலினினின் பெயரைத் தாங்கிய கலினின் நகரம் 1990-ல் த்வேர் ஆகிவிட்டது. இவை இரண்டையும் குழப்பிக்கொள்வது வழக்கமான பிழை. உல்யானவ்ஸ்க், கிரோவ், இத்தாலியக் கம்யூனிஸ்ட் தலைவரின் பெயரால் அமைந்த தொல்யாத்தி ஆகியவையும் மாறவில்லை.

ஸ்டாலின்கிராட் பற்றி ஒரு தனிக் கவனம் தேவை. 1925 வரை த்ஸரீத்ஸின், 1961 வரை ஸ்டாலின்கிராட், அதன் பின் இன்றுவரை வோல்காகிராட். 2013-ல் நகர மன்றம், போர் நினைவு நாள்கள் சிலவற்றில் மட்டும் விழாக்களில் 'வீரநகர் ஸ்டாலின்கிராட்' என்று வழங்கலாம் என முடிவு செய்தது. 2025 ஏப்ரலில் புதின் ஆணையிட்டு ஸ்டாலின்கிராட் என்று பெயர் மாற்றியது விமான நிலையத்துக்கு மட்டும். 'வோல்காகிராட் மீண்டும் ஸ்டாலின்கிராட் ஆனது' என்று தலைப்பிட்டால் பிழை. போரின் பெயரோ எப்போதும் ஸ்டாலின்கிராட் போர்தான். மாஸ்கோவில் பெயர் தெரியாத போர்வீரர் நினைவிடத்தருகே வீரநகரங்களுக்காக வரிசையாகக் கல் பதித்திருக்கிறார்கள். அதில் ஒன்றில் வோல்காகிராட் என்று செதுக்கியிருந்ததை 2004-ல் ஸ்டாலின்கிராட் என்று மாற்றினார்கள். ஸ்டாலின்மீது எந்தப் பரிவும் இல்லாதவர்கள்கூட இதை ஏற்கலாம். 1942-ல் அங்கே விழுந்தவர்கள் வோல்காகிராட் என்ற பெயரைக் கேட்டதே இல்லை.

செய்தி மேசைக்குச் செய்ய வேண்டியது அதிகமில்லை. முப்பது, நாற்பது ஊர்களுக்கு ஒரு பக்கத்தில் பட்டியல் போட்டு ஒட்டிவைத்தால் அன்றாடத் தேவை தீர்ந்துவிடும். இன்றைய பெயர், முந்தைய பெயர்கள் ஒவ்வொன்றும் எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை, மாகாணத்தின் இன்றைய பெயர், தமிழ் எழுத்துக்கூட்டு என நான்கு கட்டங்கள். முக்கியமாக, கணினியில் ஒரு பெயரைத் தேடி இன்னொன்றால் ஒரேயடியாக மாற்றும் வசதியை ஊர்ப்பெயர்களில் பயன்படுத்தாதீர்கள். லெனின்கிராட் மாகாணம், லெனின்கிராட் முற்றுகை, மாஸ்கோவில் உள்ள லெனின்கிராட் ரயில் நிலையம் எல்லாம் ஒரே சொடுக்கில் கெட்டுப்போவது அப்படித்தான். வரைபடத்தை எடுத்துப் போடும்போது அது 2016-க்கு முந்தையதா என்று பாருங்கள். வரைபடத்தில் த்னிப்ரோபெத்ரோவ்ஸ்க் நகரமும் செய்தியில் த்னிப்ரோவும் இருந்தால் வாசகர் எங்கே தேடுவார்?

பழைய இதழ்களைத் தேடுபவர்களுக்காக எழுத்துக்கூட்டின் வேறுபாடுகளையும் அதே பட்டியலில் சேர்க்க வேண்டும். தமிழில் லெனின்கிராட், லெனின்கிராடு, லெனின்கிராத், லெனின்கிரேடு என்று நான்கு விதமாகவும் அச்சாகியிருக்கிறது. ஒன்றை மட்டும் தேடினால் மற்றவை கிடைக்காது. 1924-க்கும் 1991-க்கும் இடைப்பட்ட இதழ்களில் இன்றைய பெயரைத் தேடுவதோ வீண் வேலை. 1988 டிசம்பர் 7 ஆர்மீனிய நிலநடுக்கச் செய்திகளைத் தேடுபவர் கியூம்ரி என்று தேடினால் கிடைக்காது. அன்று அந்த ஊர் லெனினகான்.

முற்றுகைக் கட்டுரை தங்கள் இணையப் பதிப்பில் இன்னும் பழைய தலைப்போடுதான் இருக்கிறது. அதை 'லெனின்கிராட் முற்றுகை' என்று திருத்தி, கீழே திருத்தம் செய்த தேதியையும் ஒரு வரியில் குறிப்பிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். பாக்முத் செய்தியில் மூன்றாம் பத்தியில் உள்ள அர்த்தியோமவ்ஸ்க் மேற்கோளுக்கு வெளியே நிற்கிறது. அதையும் சேர்த்து மாற்றிவிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
திருச்சிராப்பள்ளி